அப்பாவுக்கு நினைவு மலர்: “சிறந்த குடும்பஸ்தர்” என்று போடலாமா?

கைலாசபுரத்துக்காரி:

எங்கள் அப்பா சித்திரையில் தவறிவிட்டார். வயது எண்பத்தொன்று. காரியமெல்லாம் முடிந்தது. வருஷத் திதிக்குள் சின்னதாக ஒரு நினைவு மலர் போட வேண்டும் என்று அண்ணனுக்கு ஆசை. அவன் கனடாவில் இருக்கிறான், அதனால் எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது.

மாதிரிக்கு அவனே ஒரு பக்கம் எழுதி அனுப்பினான். “அன்பான கணவர், பாசமிகு தந்தை, சிறந்த குடும்பஸ்தர், பழக இனியவர், பல நாடுகள் கண்டவர்.” அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ‘குடும்பஸ்தர்’ வந்த இடத்தில் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “போடு, போடு. பாதிக் குடித்தனம் பாய்லரோடதானே பண்ணினார்” என்றாள். அதற்கப்புறம் எனக்குக் கை ஓடவில்லை.

அப்பா காரைக்குடி அழகப்பா பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தவர். 1967-இல் திருச்சி பெல்லில் சேர்ந்தார். மின்நிலையங்களுக்கு நீராவி தருகிற பிரம்மாண்டமான பாய்லர்களைச் செய்கிற அரசு நிறுவனம். செக்கோஸ்லோவாக்கியா நாட்டு உதவியோடு கட்டிய தொழிற்சாலை அது. உற்பத்தி தொடங்கியே அப்போது இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. சில காலம் தொழிற்கூடத்தில் இருந்துவிட்டு, மின்நிலையம் கட்டுகிற சைட்டுக்குப் போய்விட்டார். கமிஷனிங் வேலை, அதாவது கட்டி முடித்ததைச் சோதித்து ஓடவைப்பது. எண்ணூர், தூத்துக்குடி, சிங்ரௌலி பக்கத்தில் சக்திநகர், கடைசியாக லிபியாவில் திரிபோலி. எங்கள் படிப்புக்காக அம்மாவும் நாங்களும் திருச்சியில் பெல் டவுன்ஷிப்பான கைலாசபுரம் குவார்ட்டர்ஸிலேயே இருந்தோம்.

அவருக்குப் பேச ஆள் வேண்டும். யாராக இருந்தாலும் சரி. கங்கா காவேரி எக்ஸ்பிரஸில் ஏறினால், விஜயவாடா வருவதற்குள் அந்தப் பெட்டியில் யார் அஸ்தி கரைக்கப் போகிறார்கள், யார் பட்டுச் சேலை வாங்கப் போகிறார்கள், யாருக்கு எந்த ஊரில் பெண் எடுத்திருக்கிறார்கள் என்பது வரை தெரிந்துவிடும். அப்படிப் பழக்கமான ஒரு தெலுங்குக் குடும்பத்துக் கல்யாணத்துக்கு வாரங்கல் பக்கம் ஏதோ கிராமத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு வந்தார். மாப்பிள்ளை பெயர் என்ன என்று அம்மா கேட்டதற்குப் பதில் இல்லை. சாப்பாட்டில் கோங்குரா இருந்தது என்று மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது.

வீட்டுக்கும் ஆள் வந்துகொண்டே இருக்கும். ஸ்ரீரங்கம் பார்க்க ஆசைப்பட்ட ஒரு சர்தார்ஜி வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் அப்பாவோடு வரிசையில் நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சக்திநகரில் அப்பாவோடு இருந்த பீகார்க் கலாசி (பாரம் தூக்கிக் கட்டுகிற தொழிலாளி) ஒருவர் ராமேஸ்வரம் போகிற வழியில் மொத்தக் குடும்பத்தோடும் வந்து இறங்கினார். முன்கூட்டி ஒரு கடுதாசி கிடையாது. சப்பாத்தி இட்டு இட்டு அம்மாவுக்கு மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம். அந்தக் கலாசியின் அம்மா மட்டும் தினமும் எங்கள் அம்மாவின் கையில் கடுகெண்ணெய் தேய்த்து நீவிவிட்டார். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூடத் தெரியாது.

எங்களிடம்தான் பேச்சு குறைவு. ஊரிலிருந்து வந்த முதல் நாள் மார்க் ஷீட்டில் கையெழுத்து, மறுநாள் சைக்கிளுக்கு எண்ணெய், அதற்கடுத்த நாளிலிருந்து அக்கம்பக்கத்து வீட்டுத் திண்ணை. இதை அப்படியே மலரில் எழுதினால் அத்தைமார்கள் என்னை விடமாட்டார்கள். எழுதாமல் விட்டால் அது அப்பாவைப் பற்றிய மலராக இருக்காது.

இங்கே கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர் என்ன வேலை பார்த்தார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஷோகேஸில், லிபியாவிலிருந்து வந்த பித்தளைத் தட்டுக்குப் பக்கத்தில், உள்ளங்கை நீளத்துக்கு ஒரு அலுமினியப் பட்டை இருக்கிறது. ஒரு பக்கம் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு, அதில் ஊசியால் குத்தியதுபோல அங்கங்கே புள்ளிகள். பின்பக்கம் ‘தூத்துக்குடி 2’ என்று பெயின்டில் எழுதியிருக்கிறது. அம்மா ஒவ்வொரு பொங்கலுக்கும் அதைத் துடைத்து வைப்பாள். என்ன சாமான் என்று கேட்டால் “அவரோட மெடல்” என்கிறாள்.

சைட்டில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இப்படி ஒரு மனிதரைப் பற்றி எப்படி எழுதுவது என்று தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

துவாக்குடி வெல்டர்:

அம்மாடி, அது மெடலேதான். உங்க அம்மா சொன்னதில் ஒரு பிசகும் இல்லை.

நான் ஹை பிரஷர் வெல்டர். ஐ.பி.ஆர். (இந்திய பாய்லர் விதிமுறை) சர்டிபிகேட் வாங்கி, இந்தியாவில் பாதி பவர் ஹவுஸில் குழாய் ஒட்டியிருக்கிறேன். உங்க அப்பாவைத் தெரியுமா என்று பெயர் தெரியாமல் சொல்ல முடியாது. அந்தப் பட்டையைத் தெரியும். அதற்கு டார்கெட் பிளேட் என்று பெயர்.

விளக்கமாகச் சொல்கிறேன், மலரில் எழுத உதவும். பாய்லர் கட்டி முடித்ததும் உள்ளே ஆயிரக்கணக்கான ஜாயின்ட். எவ்வளவு சுத்தமாக ஒட்டினாலும் குழாய்க்குள்ளே வெல்டிங் கசடு, துருச் செதில், கிரைண்டிங் தூள் என்று ஏதாவது கிடக்கும். அது நீராவியோடு டர்பைனுக்கு, அதாவது நீராவியில் சுழன்று மின்சார ஜெனரேட்டரை ஓட்டுகிற சாமானுக்கு, போனால் தீர்ந்தது கதை. அது நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடுகிற சாமான், கடுகளவு இரும்புத் துணுக்கு போதும் பிளேடைச் சேதம் பண்ண. அதனால் டர்பைனுக்கு நீராவியை விடுவதற்கு முன்னால் தற்காலிகமாக ஒரு குழாய் போட்டு, அத்தனை நீராவியையும் வெளியே ஊதிவிட வேண்டும். அதுதான் ஸ்டீம் ப்ளோயிங். டிரம்மில் (பாய்லரின் உச்சியில் நீராவி சேருகிற உருளை) பிரஷரைச் சதுர சென்டிமீட்டருக்கு 40 கிலோ வரை ஏற்றி, வால்வைப் படாரென்று திறப்பார்கள். பாதியாக இறங்கியதும் மூடுவார்கள். மறுபடி ஏற்றுவார்கள், மறுபடி திறப்பார்கள். ராத்திரி பகல் என்று கிடையாது, நாள்கணக்கில் நடக்கும்.

சத்தம் இருக்கிறதே, அதை எழுத்தில் கொண்டுவர முடியாது. முன்கூட்டியே சுற்று வட்டாரத்துக்கெல்லாம் ஜீப்பில் மைக் கட்டிச் சொல்லிவிட்டு வருவோம், மாட்டை அவிழ்த்துவிடாதீங்க, கைக்குழந்தைக்காரங்க பயப்படாதீங்க என்று. அந்த ஜீப்பில் யார் போவார் தெரியுமா? யாருக்கு ஊர்ச் சனங்களோடு பேச வருமோ அந்த இன்ஜினியர்தான். உங்க அப்பா கட்டாயம் போயிருப்பார் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

சரி, பிளேட்டுக்கு வருகிறேன். ஊதின பிறகு குழாய் சுத்தமாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? நீராவி வெளியே வருகிற வாயில் பாலிஷ் போட்ட பட்டையைச் சொருகிவிட்டு ஒரு ஊது. வெளியே எடுத்துப் பார்த்தால் துணுக்கு வந்து மோதின இடமெல்லாம் புள்ளி விழுந்திருக்கும். முதலில் அம்மைத் தழும்பு மாதிரி இருக்கும். நாள் ஆக ஆகக் குறையும். கணக்குக்குள் வந்ததும் எல்லாரும் கையெழுத்துப் போட்டு, ‘போதும்’ என்பார்கள். அந்தக் கடைசிப் பட்டையைக் கமிஷனிங் இன்ஜினியர் வீட்டுக்குக் கொண்டுபோவது வழக்கம். உங்க வீட்டுப் பட்டையில் புள்ளி நிறைய இருக்கிறதா, குறைவா? குறைவாக இருந்தால் அது கடைசிப் பட்டை.

இன்னொன்று கேட்கிறேன். அவரிடம் நீலக் கண்ணாடித் துண்டு ஒன்று இருந்ததா?

எழுபது வயசுக்காரி:

நானும் ஒரு சைட் இன்ஜினியர் மனைவிதான். என் வீட்டுக்காரர் வேறு கம்பெனி. ஆனால் கதை இதே கதை.

மகளே, ‘குடும்பஸ்தர்’ என்ற சொல்லை எடுக்காதே. ஆனால் அதைப் போடுகிற உரிமை உனக்கும் இல்லை, உன் அண்ணனுக்கும் இல்லை. உங்கள் அம்மாவுக்குத்தான். மலரில் அம்மாவுக்கென்று நாலு பக்கம் ஒதுக்கு. செல்போனில் பதிவு செய்து, அவர் பேச்சு எப்படி வருகிறதோ அப்படியே போடு. நீ அழகுபடுத்தாதே.

‘எப்படிப்பட்டவர்’ என்று கேட்டுவிடாதே. அப்படிக் கேட்டால் “நல்லவர்” என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். காஸ் சிலிண்டர் தீர்ந்தால் யார் போனது, ஸ்கூல் பீஸுக்குப் பணம் எப்படி வந்தது, பிள்ளைக்கு ஜுரம் வந்த ராத்திரி யார் வீட்டுக் கதவைத் தட்டினீங்க என்று கேள். அந்தக் காலத்தில் ட்ரங்க் கால் போட்டுக் காத்திருந்த கதை, இன்லண்ட் லெட்டரில் ஓரத்திலெல்லாம் நுணுக்கி எழுதின கதை, எல்லாம் அப்போது வரும்.

எங்களைப் பார்த்து “பாவம், தனியா இருந்தா” என்று எல்லாரும் பரிதாபப்படுவார்கள். எனக்கு அது பிடிக்காது. பாங்க்குக்குப் போகக் கற்றுக்கொண்டேன், எலக்ட்ரீஷியனோடு சண்டை போடக் கற்றுக்கொண்டேன். ரிட்டயர் ஆகி அவர் வீட்டோடு வந்த பிறகுதான் எனக்குக் கஷ்டம் ஆரம்பித்தது. என் சமையலறையில் வந்து பருப்பு டப்பாவை எல்லாம் சைஸ் வாரியாக அடுக்கினார். ஸ்டோர்ஸ் மாதிரி லேபிள் வேறு.

லிபியா ரிட்டர்ன்:

திரிபோலி என்று பார்த்ததும் எழுதுகிறேன். 1984 முதல் 1988 வரை அங்கே ஒரு கட்டுமானக் கம்பெனியில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். உங்கள் அப்பா இருந்தது அநேகமாக நகரத்துக்கு மேற்கே கடற்கரையோரம் இருக்கிற மின்நிலையம். அங்கே நிலக்கரி கிடையாது, எண்ணெயில் எரிவது. குளிர்விக்கக் கடல் தண்ணீர்.

வெளிநாடு என்றால் எல்லாரும் துபாய் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். கடாபி காலத்து லிபியா அப்படி இல்லை. பெயர்ப் பலகை எல்லாம் அரபி மட்டும், இங்கிலீஷ் எழுத்தைத் தெருவில் பார்க்க முடியாது. பாஸ்போர்ட்டிலேயே நம் விவரங்களை அரபியில் எழுதியிருக்க வேண்டும். தனியார் கடைகளை மூடிவிட்டதால் எது வாங்கவும் அரசாங்க அங்காடிதான். ஒரு வாரம் போனால் அலமாரி முழுக்கத் தக்காளி பேஸ்ட் டின், இன்னொரு வாரம் முழுக்க ஷூ. எது வந்ததோ அதை வாங்கி வைத்துக்கொண்டு ஒருத்தருக்கொருத்தர் மாற்றிக்கொள்வோம். பேசத் தெரிந்தவன்தான் அங்கே நன்றாகச் சாப்பிட்டான். பல்கேரியாக்காரனிடம் சீஸ் வாங்கி, அதைப் பாகிஸ்தான்காரரிடம் கொடுத்து மிளகாய்த் தூள் வாங்குகிற ஆட்களை எனக்குத் தெரியும். உங்கள் அப்பா அப்படிப்பட்டவராகத்தான் இருந்திருப்பார் போல.

1986 ஏப்ரல் 15, விடியற்காலை இரண்டு மணிக்கு அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டன. அப்போது அவர் அங்கே இருந்தாரா?

அச்சக அனுபவம்:

சுருக்கமாகச் சொல்கிறேன். பக்கக் கணக்கு நாலின் மடங்கில் இருக்கட்டும், நடுவில் பின் அடிக்க அதுதான் வசதி. 24 பக்கத்துக்கு மேல் போகாதீர்கள், யாரும் படிக்க மாட்டார்கள். குரூப் போட்டோ போடுவதானால் யார் யார் என்று இப்போதே வயசானவர்களிடம் கேட்டு பென்சிலால் பின்னால் எழுதிவையுங்கள். போட்டோவை செல்போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், ஸ்கேன் செய்து கொண்டுவாருங்கள். கவிதை வேண்டாம். நாற்பது வருஷமாக மலர் அடிக்கிறேன், ‘கண்ணீர்க் கடலில்’ என்று ஆரம்பிக்காத இரங்கல் கவிதையை இன்னும் பார்க்கவில்லை.

கைலாசபுரத்துக்காரி:

எல்லாருக்கும் நன்றி. தனித்தனியாகப் பதில் சொல்கிறேன்.

வெல்டர் அண்ணா, பட்டையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். நடுவில் இரண்டு புள்ளி, ஓரத்தில் ஒன்று. அவ்வளவுதான். அம்மாவிடம் நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன். “எனக்குத் தெரியும்னுதான் சொன்னேனே” என்கிறாள். எப்படித் தெரியும் என்று கேட்டால், அப்பா அதைக் கொண்டுவந்த ராத்திரி உட்காரவைத்து முழுக்கச் சொல்லியிருக்கிறார். எங்களுக்குச் சொல்லாததை எல்லாம் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது. பாய்லர் தரையில் உட்கார்ந்திருக்காதாம். மேலே இரும்புச் சட்டத்திலிருந்து ஊஞ்சல் மாதிரித் தொங்குமாம், சூடேறினால் கீழ்நோக்கி நீளுமாம். இதை எண்பது வயதை நெருங்குகிற அம்மா, கீரை ஆய்ந்துகொண்டே எனக்கு விளக்குகிறாள்! உண்மைதானா அண்ணா? எவ்வளவு நீளும்?

நீலக் கண்ணாடி இருந்தது. ஷேவிங் பெட்டியில் கிடக்கும். 1980 பிப்ரவரியில் சூரிய கிரகணம் வந்தபோது அண்ணன் அதை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினான். அப்பா லீவில் வந்திருந்தார். பின்னாலேயே ஓடிப்போய்ப் பிடுங்கி, “இது அடுப்பைப் பார்க்கிற கண்ணாடிடா, சூரியனைப் பார்த்தா கண்ணு போயிடும்” என்று கத்தினார். அவர் எங்களைக் கத்தியது அபூர்வம் என்பதால் நினைவிருக்கிறது. எந்த அடுப்பு என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

எழுபது வயது அம்மாவுக்கு: நீங்கள் சொன்னபடியே பதிவு செய்ய உட்கார்ந்தேன். காஸ் சிலிண்டர் என்று ஆரம்பித்தேன், அவ்வளவுதான், அம்மாவை நிறுத்த முடியவில்லை. அம்மா டி.வி.எஸ். 50 ஓட்டுவாள். டவுன்ஷிப்பில் அப்போது பெண்கள் வண்டி ஓட்டுவது ரொம்பக் குறைவு. கற்றுக்கொடுத்தது அப்பா என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் சக்திநகரிலிருந்து பணம் மட்டும் அனுப்பினாராம், “யாரிடமாவது கற்றுக்கொள், எனக்காகக் காத்திருக்காதே” என்று இன்லண்டில் ஒரு வரி. அம்மா பக்கத்து வீட்டு மலையாளி டீச்சரிடம் கற்றுக்கொண்டாள். அந்த இன்லண்ட் இன்னும் பீரோவில் இருக்கிறது. அதை ஸ்கேன் செய்து மலரில் போடப் போகிறோம்.

லிபியா சார், இருந்தார். 1986-இல் அங்கேதான் இருந்தார். காலையில் ஆகாசவாணிச் செய்தியில் கேட்டுவிட்டு அம்மா அடுப்பை அணைத்தது மட்டும்தான் எனக்கு ஞாபகம். போன் எதுவும் போகவில்லை. சில நாள் கழித்துத் தந்தி வந்தது. “சேஃப். லெட்டர் ஃபாலோஸ்.” அந்த லெட்டரும் வந்தது. அதில் குண்டைப் பற்றி ஒரு வரி, மீதி முழுக்க மிளகாய்த் தூள் கொடுத்த ஒரு பாகிஸ்தான்காரரைப் பற்றி! நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன், அவரா பாருங்கள்.

ஊருக்கு வந்த பிறகு அந்த ராத்திரிக் கதையை அப்பா திண்ணையில் சொல்லாத நாள் இல்லை. ஒவ்வொரு தடவையும் விமானங்களின் எண்ணிக்கை கூடும். பிரெஞ்சுத் தூதரகத்துப் பக்கம் குண்டு விழுந்தது என்று முதலில் சொன்னார். அது நிஜம் என்று பிறகு படித்தேன். கடைசியில் அவர் தங்கியிருந்த கட்டடத்துக் கண்ணாடியெல்லாம் நொறுங்கிவிட்டது என்ற அளவுக்கு வந்துவிட்டது. அம்மா உள்ளேயிருந்து “கண்ணாடி போன தடவை விரிசல்தானே விட்டுச்சு” என்பாள்.

அப்பா வீட்டோடு இருந்த நாட்களையும் எழுதப் போகிறேன். லீவில் வந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முக்கொம்பு கட்டாயம் உண்டு. சித்தப்பா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று ஒரு படை. தூக்குச்சட்டியில் புளியோதரை. மற்ற அப்பாக்கள் சீட்டு ஆடுவார்கள், எங்கள் அப்பா எங்களை மதகுப் பக்கம் கூட்டிப்போய் காவிரித் தண்ணீரைக் கொள்ளிடத்துக்கு எப்படிப் பிரிக்கிறார்கள் என்று காட்டுவார். 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டியது என்பார். எங்களுக்குப் பசிக்கும்.

2018 ஆகஸ்டில் அங்கே கொள்ளிடத்து ஷட்டர்கள் உடைந்து அடித்துக்கொண்டு போனதே, அப்போது அவருக்கு எழுபத்து நாலு வயது. மறுநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டார். அணைக்குள் விடவில்லை. போலீஸ்காரரிடம் பேச்சுக் கொடுத்து, டீக்கடையில் உட்கார்ந்து, மணல் மூட்டை அடுக்க வந்த ஆட்களில் யார் எந்த ஊர் என்பது வரைக்கும் விசாரித்துவிட்டுச் சாயங்காலம் வந்தார். அன்று ராத்திரி சாப்பிடாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். “நூத்தி எண்பது வருஷம் நின்னுச்சே” என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நயாகராவுக்கு அண்ணன் கூட்டிப்போனபோதும் இதே கூத்து. அருவியைப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, “மின்சாரத்துக்குத் தண்ணியை எங்கே திருப்புறாங்க?” என்று ஆரம்பித்துவிட்டார். ராத்திரியில் அருவிக்கு விடுகிற தண்ணீரைக் குறைத்து மின்நிலையத்துக்கு அனுப்புவார்கள் என்று அங்கிருந்த காவலாளி ஒருவர் சொல்ல, இருவரும் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார்கள். அண்ணன் குளிரில் நின்றது பற்றி இன்னும் புலம்புகிறான். இதையெல்லாம் விட்டுவிட்டு “பல நாடுகள் கண்டவர்” என்று எழுதினானே, அவனை என்ன சொல்வது.

அண்ணனுக்கும் எனக்கும் இப்போது ஒரு சண்டை ஓடுகிறது. எங்களிடம் பேச்சு குறைவு என்று நான் எழுதியதை எடுக்கச் சொல்கிறான். எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவன் வேண்டுமானால் பக்கத்துப் பக்கத்தில் மறுப்பு எழுதட்டும்.

லிபியா ரிட்டர்ன்:

பெயரைப் பார்த்தேன் அம்மா. நான் சொன்ன ஆள் வேறு, லாகூர்க்காரர். உங்கள் அப்பாவின் நண்பர் கராச்சிக்காரர் போலத் தெரிகிறது. ஆனால் மிளகாய்த் தூள் வியாபாரம் நிறைய பேர் பண்ணியிருக்கிறோம் என்று மட்டும் இப்போது தெரிகிறது. லெட்டரில் குண்டைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதாதது சரிதான். நானும் எழுதவில்லை. கடிதத்தை யார் பிரித்துப் படிப்பார்களோ என்று எங்களுக்கெல்லாம் பயம் இருந்தது. அதையும் ஒரு குறிப்பாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் அவருக்கு அக்கறை இல்லை என்று நினைத்துவிடுவார்கள்.

எழுபது வயசுக்காரி:

அண்ணன் மறுப்பு எழுதட்டும், நல்ல யோசனை. மகனுக்கு ஒரு அப்பா, மகளுக்கு ஒரு அப்பா. டி.வி.எஸ். 50-இல் அம்மா உட்கார்ந்திருக்கிற போட்டோ இருந்தால் அட்டையிலேயே போடுங்கள், உங்கள் அப்பா ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

துவாக்குடி வெல்டர்:

மூணே புள்ளியா! அப்போ கடைசிப் பட்டைதான், சந்தேகமே வேண்டாம். தூத்துக்குடி இரண்டாவது யூனிட் 1980-இல் ஓட ஆரம்பித்தது, 210 மெகாவாட். உங்க அப்பா பட்டையில் வருஷம் எழுதாவிட்டாலும் நீங்க மலரில் அந்த வருஷத்தை எழுதலாம்.

அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பாய்லர் தொங்குகிற சாமான்தான். 210 மெகாவாட் பாய்லர் சூடேறினால் அடிப்பக்கம் கிட்டத்தட்ட முக்கால் சாண் கீழே இறங்கும். கீழே தரையோடு சேர்த்துக் கட்டிவிட்டால் எங்கேயாவது பிய்த்துக்கொள்ளும், அதனால்தான் மேலேயிருந்து தொங்கவிடுவது. முதல் தடவை லைட்-அப் செய்யும்போது, அதாவது உள்ளே நெருப்பு மூட்டும்போது, ஒவ்வொரு மூலையிலும் ஒரு முள்ளும் அளவுகோலும் வைத்திருப்பார்கள். நாலு மூலையும் ஒரே மாதிரி இறங்குகிறதா, எங்கேயாவது இடிக்கிறதா என்று டார்ச்சும் நோட்டுமாகப் படியேறி இறங்கிக் குறித்துக்கொண்டே இருப்பார் கமிஷனிங் இன்ஜினியர். லிப்ட் அந்த நேரத்தில் ஒருநாளும் வேலை செய்யாது. ஒவ்வொரு மாடியிலும் ஒரு ஆள் நிற்பான், கலாசியோ, வெல்டரோ, பிட்டரோ. நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிற இன்ஜினியருக்கு நாங்களே கூப்பிட்டுச் சொல்லுவோம், சார், இந்தப் பக்கம் ஒரு சத்தம் வருது, என்னான்னு பாருங்க என்று. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போகிறவருக்கு யாரும் சொல்ல மாட்டோம், அவரே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவோம். அவர் ஊரெல்லாம் பேசினார் என்று நீங்க எழுதினீங்களே, அதில் பாதி அவர் குணமாக இருக்கலாம், பாதி வேலைக்கு வேண்டியிருந்தது.

நீலக் கண்ணாடியும் அதற்குத்தான். பாய்லர் பக்கவாட்டில் சின்ன ஓட்டை இருக்கும், அது வழியாக உள்ளே எரிகிற ஜுவாலையைப் பார்க்க. வெறும் கண்ணால் பார்த்தால் கண் கூசும், அந்தக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஜுவாலை வெள்ளையாக இருக்கிறதா, புகை கலந்து இருட்டாக இருக்கிறதா என்று தெரியும். உங்க அண்ணனிடமிருந்து பிடுங்கியதுதான் சரி.

ஒரு விண்ணப்பம். ஸ்டீம் ப்ளோயிங் பற்றி எழுதுகிற பக்கத்தை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் என்னிடம் ஒருதரம் காட்டுங்க. பத்திரிகைக்காரங்க எழுதினால் பாய்லர், டர்பைன் எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பிவிடுவாங்க. உங்க அப்பா டர்பைன்காரர் என்று எவனாவது எழுதிவிட்டால் சைட்டில் எங்க ஆளுங்க யாரும் மன்னிக்க மாட்டாங்க. அச்சானதும் எனக்கு மூணு காப்பி வேணும், ஒண்ணு எனக்கு, ரெண்டு தூத்துக்குடியில் கூட வேலை பார்த்தவங்களுக்கு. காசு கொடுத்துவிடுகிறேன்.